கல் சாய்ந்த பக்கம்

நோர்வூட்டுக்கு மேலே, அக்கா இருக்கும் லயத்தின் கடைசிக் காம்பரா மண் மேட்டை ஒட்டி இருக்கிறது. மேற்கே மேடு, வடக்கே அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் வருவதெல்லாம் கிழக்கே பள்ளத்தாக்கு திறந்திருக்கும் பக்கம்தான். இஸ்தோப்பு விளிம்பில் அக்கா ஒரு பழைய மாஜரின் டின்னில் ரோசா வைத்திருக்கிறார். அது எப்போதும் பள்ளத்தாக்கைப் பார்த்தே சாயும். இரண்டு நாளைக்கு ஒரு தரம் டின்னைத் திருப்பி வைப்பது அவருக்கு விளக்கேற்றுவது மாதிரி ஒரு வழக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே பனி இறங்கி எதிர் மலையை மறைத்துவிட்டது. அக்கா சாயத்தண்ணி ஊற்றி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும் தந்தார். அந்த நேரம்தான் லண்டனில் இருக்கும் அவர் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளரும் பவளம். கடலிலிருந்து எடுத்ததில்லை, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து ஒடித்துக் கொடுத்த துண்டு. வாங்கி வந்தபோது சுண்டுவிரல் நுனி அளவு. இரண்டு வருசத்தில் உள்ளங்கை அளவுக்கு, மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டு வந்திருக்கிறது. ஆனால் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருந்தன, காற்றடிக்கும் மலை உச்சியில் நிற்கும் மரம் போல.

"மாமா, இது ஏன் ஒரு பக்கமாவே போகுது? திருப்பி வைக்கவா?"

அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "திருப்பித்தான் வைக்கணும். ரோசாவும் அப்படித்தானே. வெளிச்சம் எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுப் போகும்."

"பொறுங்க அக்கா," என்றேன். "ரோசா சாயிறதும் இது சாயிறதும் பாக்க ஒண்ணுதான். உள்ளுக்கு நடக்கிறது நேர்மாறு."

"நேர்மாறுன்னா?"

அதைச் சொல்லி முடிக்க மூன்று தேத்தண்ணி ஆயிற்று. முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்றாலும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் தப்பான யோசனையைத்தான் சொல்லிவிடுவோம். அதனால் ரோசாவிலிருந்தே தொடங்கினேன்.

ரோசாத் தண்டு பள்ளத்தாக்குப் பக்கம் வளைகிறது என்றால், அந்தப் பக்கம் அதற்கு வளர்ச்சி அதிகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் நீள்வது சுவர்ப் பக்கம். தண்டின் இருட்டுப் பக்கத்துக் கலங்கள் நீள்கின்றன, வெளிச்சப் பக்கத்துக் கலங்கள் அவ்வளவு நீளாமல் நிற்கின்றன. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறுகினால் தண்டு குறுகின பக்கம் வளையத்தானே வேண்டும்? சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் ஒரு புல்லின் முளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முளையின் நுனிக்கு வெளிச்சம் புகாத தொப்பி போட்டால் முளை வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டு, அடியை மட்டும் மூடினாலும் வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது கீழே என்று 1880இல் வெளிவந்த, தாவர அசைவுகள் பற்றிய நூலில் எழுதினார்கள். நுனியிலிருந்து கீழிறங்கும் அந்தச் சேதி ஒட்சின் என்ற சுரப்பு என்பதை 1928இல் ஒல்லாந்துக்காரரான ஃபிரிட்ஸ் வென்ட் பிடித்துக் காட்டினார். அது இருட்டுப் பக்கம் அதிகமாய்ச் சேருகிறது, அந்தப் பக்கக் கலங்களை நீளவைக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒளித்திருப்பம் என்று இருப்பது இதுதான்.

இது இளந்தண்டில் நடப்பது. பச்சைத் தண்டு, நெகிழும் தண்டு. டின்னைத் திருப்பினால் நேற்றைய இருட்டுப் பக்கம் இன்றைக்கு வெளிச்சப் பக்கம் ஆகிறது, மறுபக்கம் நீண்டு தண்டு நிமிர்ந்துவிடுகிறது. அக்காவின் வழக்கம் பலிப்பது அதனால்தான்.

"அப்ப அவன் செடிக்கும் அதேதானே?"

"அது செடியில்லை அக்கா."

பவளம் ஒரு பிராணி. கிட்டப் பார்த்தால் கிளை முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள், ஒவ்வொரு வாயைச் சுற்றியும் மெல்லிய விரல்கள். ஆயிரக்கணக்கான இந்தக் குட்டி உயிர்கள் ஒன்றோடொன்று தசையால் இணைந்து, தமக்குக் கீழே கல்லைப் படியவைத்துக்கொண்டே மேலேறுகின்றன. நம் ஊரில் முருகைக்கல் என்கிறோமே, அது இவை விட்டுச் செல்லும் கல்சியங் காபனேற்று. உயிர் என்பது மேலே ஒட்டியிருக்கும் தோல் மட்டும், உள்ளே இருப்பதெல்லாம் கட்டி முடித்த வீடு.

பிராணிக்கு வெளிச்சம் எதற்கு? அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பழுப்புப் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளித்தொகுப்பு செய்வது அவை. வெயில் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலேயும் அந்தப் பாசிகளால் கொடுக்க முடியும். பவளம் பதிலுக்கு இடமும், தன் கழிவில் வரும் காபனீரொட்சைட்டையும் நைதரசனையும் கொடுக்கிறது. கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர் இந்தப் பாசிகளுக்குப் பெயர் வைத்தது 1881இல்.

அந்த வருசத்தைக் கவனிக்கச் சொன்னேன். டார்வின் 1836 ஏப்ரலில் கொக்கோசு கீலிங் தீவில் இறங்கிப் பவளப்பாறைகளைப் பார்த்தவர், 1842இல் அவற்றைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். 1880இல் செடியும் வெளிச்சமும் பற்றி எழுதினார். இரண்டு அறைகளிலும் இருந்த அந்த மனிதர், நடுச்சுவரில் கதவு திறந்த மறு வருசமே இறந்துபோனார். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கும். அவர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கல் எப்போது படிகிறது என்பதை அளக்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. ஜமேக்காவில் தோமஸ் கோரோ, கதிர்வீசும் கல்சியத்தை நீரில் கலந்து, பவளம் அதை எவ்வளவு வேகமாகக் கல்லாக்குகிறது என்று அளந்து 1959இல் வெளியிட்டார். வெளிச்சத்தில் வேகம், இருட்டில் மந்தம். பிறகு வந்த அளவுகளைப் பல இனங்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், வெளிச்சத்தில் கல் படிவது இருட்டில் படிவதைப் போலச் சராசரியாக மூன்று மடங்கு. வெளிச்சம் இதை எந்த வழியால் செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பாசி கொடுக்கும் சாப்பாடா, பாசி வெளியிடும் ஒட்சிசனா, காபனீரொட்சைட்டை அது உறிஞ்சுவதால் நீரின் தன்மை மாறுவதா என்று. ஆனால் வெளிச்சத்தில் வேகம் கூடுகிறது என்பதில் சண்டையில்லை.

அக்காவுக்கு இதை வேறு மாதிரிச் சொன்னேன். லயத்துக்குப் புதுச் சுவர் எழுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து மேசனுக்கு நேரத்துக்குச் சோறு வருகிறது, மறுபக்கத்து மேசனுக்கு அரைவயிறு. எந்தப் பக்கம் சுவர் முந்தி எழும்பும்?

"சோறு திங்கிற பக்கம்."

அவ்வளவுதான். பவளத்தில் வெளிச்சப் பக்கம் கல் அதிகம் படிகிறது, இருட்டுப் பக்கம் பின்தங்குகிறது. செடியில் இருட்டு நீள்கிறது, பவளத்தில் வெளிச்சம் கட்டுகிறது. செடி வெளிச்சத்தைப் பார்த்து வளைகிறது, பவளம் வளைவதே இல்லை. வெளிச்சத்தை நோக்கிக் கட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். படத்தில் நமக்குச் சாய்வாகத் தெரிவது இரண்டு வருசக் கட்டடம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு, மருமகனுக்கும் எழுதினேன். மான்கொம்புப் பவளத்தின் கிளை நுனி வெள்ளையாய் இருக்கும். அங்கே பாசி மிகக் குறைவு. ஆனால் வேகமாக வளர்வது அந்த நுனிதான். சமையல் கீழே நடக்கிறது, சாப்பாடு தோல் வழியாக மேலே போகிறது. அதனால் நுனிக்கு நேரே விளக்கு விழுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நுனிக்குக் கீழே உள்ள பழுப்புப் பகுதி எந்தப் பக்கம் நன்றாகச் சமைக்கிறது என்று பார்க்கவேண்டும். பலாவுத் தீவில் இருந்த ஜப்பானிய வெப்பமண்டல நிலையத்தில் சிரோ கவகுட்டி, வெளிச்சம் பவளத்தின் நிறத்தையும் உருவத்தையும் எப்படி மாற்றுகிறது என்று 1937இலேயே எழுதியிருக்கிறார். தொட்டிப் பவளம் வளர்ப்பவர்கள் இன்றைக்குப் படம்பிடித்துக் கேட்கும் கேள்வி அவ்வளவு பழையது.

அக்கா உள்ளே போய் அடுப்பில் தண்ணியை வைத்துவிட்டு வந்தார். "சரி. கடல்ல இருக்கிறது ஏன் சாயல? அங்கயும் வெயில் காலையில ஒரு பக்கம், பின்னேரம் ஒரு பக்கம்தானே."

முப்பத்திரண்டு வருசம் கொழுந்து பறித்தவர் கேட்கும் கேள்வி. காலைப் பொழுதில் எந்த மலைக்கு வெயில் வரும், எது பத்து மணி வரைக்கும் நனைந்தே கிடக்கும் என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும்.

கடலுக்குள் வெயில் பக்கவாட்டில் போக முடியாது. காற்றிலிருந்து நீருக்குள் இறங்கும் கதிர் முறிந்து செங்குத்தை நோக்கித் திரும்புகிறது. அமைதியான கடலில் சூரியன் விளிம்பைத் தொடும் நேரத்தில்கூட, நீருக்குள் அதன் கதிர் செங்குத்திலிருந்து சுமார் 49 பாகைக்கு மேல் சரிவதில்லை. வானம் முழுவதும் ஒரு கூம்புக்குள் அடங்கி மேலிருந்தே இறங்குகிறது. கடலடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னல் தெரியும், சுற்றிலும் இருட்டு. ஆழம் போகப் போக, சரிந்து வரும் கதிருக்கு வழி நீளம் என்பதால் அது முந்தி மங்குகிறது. மிஞ்சுவது நேர் மேலிருந்து வரும் வெளிச்சம். முதலில் சிவப்பு போய்விடும், நீலம் கடைசிவரைக்கும் கூட வரும்.

பவளங்களின் உருவமெல்லாம் இந்தக் கூம்புக்குள் இருந்து வந்தது. கரீபியன் கடலில் ஒரே இனப் பவளம் கரையருகே பாதிப் பந்து போல இருக்கும், ஆழத்தில் கூரை ஓடு போலத் தட்டையாய்ப் படுத்துவிடும். கிராஸ், மெக்கின்டயர் என்ற இருவர் 1976இல் கணினியில் ஒளி பரவும் கணக்கைக் கொடுத்து இரண்டு உருவங்களையும் வரவழைத்துக் காட்டினார்கள். மேலே வெளிச்சம் மிச்சம் மீதியாய்ப் பக்கங்களுக்கும் கிடைக்கிறது, எல்லாப் பக்கமும் கட்டி உருண்டையாகிறது. கீழே பக்கத்துக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை, விரிவது மட்டும்தான் வழி.

நம் நாட்டுக் கடலிலும் இதைப் பார்க்கலாம். கற்பிட்டிக்கு மேற்கே பார் ரீஃப் என்ற பாறைத்தொடரின் ஆழங்குறைந்த பகுதி, 1998க்கு முன் மேசைப் பவளத்துக்குப் பேர் போனது. ஒரு காலில் நிற்கும் அகன்ற தட்டுகள், மேற்பரப்பு முழுக்கச் சின்னக் கிளைகள் ஒரே உயரத்தில். அக்காவிடம் போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன்.

பார்த்ததும், "மட்டம்," என்றார்.

அதேதான். தேயிலையை விட்டால் மரமாகப் போகும். கவ்வாத்து வெட்டி, மட்டக்குச்சி வைத்து, அதற்கு மேலே எழும்புகிற கொழுந்தை வாராவாரம் கிள்ளிக் கிள்ளி நாம் அதை மேசையாக்கி வைத்திருக்கிறோம். மேலிருந்து வரும் வெயிலை ஓர் அங்குலம் வீணாக்காமல் பிடிப்பதற்கு ஏற்ற உருவம். மேசைப் பவளத்துக்குக் கங்காணியும் இல்லை, மட்டக்குச்சியும் இல்லை. ஒரு கிளை மற்றதைவிட உயர்ந்தால் உயர்ந்தது கட்டுகிறது, விளிம்பில் இருப்பது நிழலில்லாத பக்கம் விரிகிறது, நடுவே தாழ்ந்து போனது நிழலில் நின்றுவிடுகிறது. மேசையின் அடிப்பக்கத்தில் உயிர்த்தோல் மெலிந்து போயிருக்கும், நம் தேயிலை மரத்தின் உள்ளே இலையில்லாமல் வெறும் குச்சியாய் இருப்பது போல.

ஹிக்கடுவைக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது கண்ணாடி அடி போட்ட வள்ளத்தில் ஏறினோம். அங்கே இருந்தது வேறு இனம், மடல் மடலாய்ச் சுருண்டு விரிந்தது. நுவரெலியாப் பிள்ளை ஒன்று, "சேர், கோவாத் தோட்டம்!" என்று கத்தியது. அதைவிட நல்ல விவரணையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மடல்கள் ஒன்றுக்கொன்று நிழல் விழாமல் சுற்றிச் சுற்றி எழும்பும்.

இப்போது லண்டன் தொட்டிக்கு வருவோம். தொட்டிக்கு நாலு பக்கமும் கண்ணாடி. கடலில் ஒருநாளும் நடக்காத ஒன்று அங்கே நடக்கும். பக்கக் கண்ணாடி வழியாக வெளிச்சம் கிடைமட்டமாக உள்ளே போகும். இங்கே ஹட்டனில் நடுப்பகல் சூரியன் மார்கழியிலும் வானத்தில் ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கிறது. லண்டனில் அதே நாளில் சுமார் 15 பாகை, அடுத்த வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே. தெற்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில் தொட்டி இருந்தால் குளிர்கால வெயில் நேரே பக்கக் கண்ணாடிக்குள் பாயும். எந்தப் பவளத்தின் முன்னோருக்கும் பழக்கமில்லாத வெளிச்சம் அது.

அவனிடம் கேட்டேன். ஜன்னல் வடக்குப் பார்த்தது, வெயில் வருவதில்லை என்றான். அப்படியென்றால் விளக்கைத்தான் பார்க்கவேண்டும். படம் அனுப்பினான். சரியாக அங்கேதான் இருந்தது விசயம். ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் கவ்விப் பிடித்தபடி, ஒரு மூலைக்குக் கிட்ட. பவளம் மறு மூலையில். விளக்கிலிருந்து கதிர் சரிந்துதான் பவளத்துக்குப் போகிறது. இரண்டு வருசம் ஒவ்வொரு நாளும் ஒன்பது மணி நேரம் சூரியன் ஒரே மூலையில் நின்றால் எப்படியிருக்கும்?

சூரியன் நகர்கிறது என்பதை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஒரு நாளைக்குள் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. அது போக, நம் அகலக்கோட்டில் சூரியன் சித்திரை மாதத்துக்குக் கிட்ட நேர் உச்சிக்கு வந்து, பிறகு நாலைந்து மாதம் வடக்கே நின்று, ஆவணியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே போகிறது. காலையில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த பங்கு பின்னேரம் மறுபக்கத்துக்குக் கிடைக்கிறது, ஆனியில் வடபுறத்துக்குக் கிடைத்தது மார்கழியில் தென்புறத்துக்குக் கிடைக்கிறது. மேகமும் அலையும் கதிரை உடைத்து இன்னும் கலக்கிவிடுகின்றன. தொட்டி விளக்குக்கு இந்தப் பங்கீடு தெரியாது.

சிறிய விளக்கில் இன்னொரு சங்கடம். ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் கத்தி போல நிழல் வெட்டும். பழைய நீள டியூப் லைட்டுகளுக்குக் கீழே வைத்த பவளத்தில் நிழல் மென்மையாக இருக்கும், ஏனென்றால் டியூபின் ஒரு முனையை மறைத்தாலும் மறு முனையிலிருந்து வெளிச்சம் வரும். எல்.இ.டி.யில் மேல் கிளையின் நிழலில் மாட்டிய கீழ்க் கிளைக்கு ஒன்றும் கிடைக்காது. முதலில் நிறம் மங்கும், பிறகு தோல் பின்வாங்கும், வெறுங்கல்லின் மேல் வேண்டாத பாசி பிடிக்கும். ஒரு பக்கமே பாரம் கூடினால் அடி ஒடிந்து விழவும் கூடும். அழகு கெடுவது மட்டும்தான் பிரச்சினை என்றால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன்.

தோட்டத்தில் இதற்கு வழி கண்டுபிடித்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. சவுக்கு மரத்தை உயர வளரவிட்டு, இடைவெளி விட்டு நடுவது ஏன்? உயரத்திலிருந்து வரும் நிழல் நாள் முழுக்க நகரும், எந்த மரத்தின் மேலும் நிலையாக நிற்காது. முள்முருங்கையை, மழைக்காலம் தொடங்குமுன் கொப்பு வெட்டி வெளிச்சம் விடுவது ஏன்? இருக்கிற கொஞ்ச வெயிலும் எல்லாப் பக்கமும் விழவேண்டும் என்றுதான். வெளிச்சத்தை உயர்த்து, பரப்பு, நகரவிடு. அவனுக்கும் அதையே எழுதினேன். விளக்கைப் பின் கண்ணாடியிலிருந்து கழற்றி, பவளத்துக்கு நேர் மேலே தொங்கவிடு. முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக, இடைவெளி விட்டு வை. கொஞ்சம் உயர்த்தினால் ஒவ்வொரு இடத்திலும் விழும் அளவு குறையும், ஆனால் பல பக்கமாய் விழும். அடியில் வெள்ளை மணல் இருந்தால் கீழிருந்தும் சிறிது திரும்பி வரும்.

கூடவே இன்னொன்றும் எழுதினேன். நீரோட்டத்தைத் தொடாதே. தொட்டிக்குள் நீரைத் தள்ளும் மோட்டாரும் உருவத்தை மாற்றும். ஓட்டம் படும் பக்கத்துக்கு ஒட்சிசனும் தீனியும் அதிகம். விளக்கையும் மோட்டாரையும் ஒரே நாளில் மாற்றினால், எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொன்னது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

"அதெல்லாம் சரி, திருப்பி வச்சா என்னா கெட்டுப் போகும்?" அக்கா விடவில்லை.

இரண்டாவது தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு மிகப் பிடித்த இடம் இது என்பதால் ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாய்லாந்தில் புக்கெட் என்ற தீவு. நம் மலைநாட்டுக்குக் கிட்டத்தட்ட நேர் கிழக்கே, ஏறக்குறைய அதே அகலக்கோட்டில். அங்கே கடற்கரையோரமாக உருண்டைப் பவளங்கள் இருக்கின்றன. வருசத்தில் சில மாதம் பின்னேர வேளையில் கடல் நன்றாக வற்றிவிடும். அந்த நேரம் சூரியன் மேற்கே சரிந்திருக்கும் என்பதால், பவளத்தின் மேற்குப் பக்கம் கடும் வெயில் வாங்கும், கிழக்குப் பக்கம் தப்பிவிடும். 1995இல் கடல் சூடேறியது. பவளம் சூட்டில் தன் பாசிகளை இழந்து வெளுத்துப்போகும், நிறைய நாள் அப்படியே இருந்தால் பட்டினியில் சாகும். அந்த வருசம் அந்த உருண்டைகள் பாதி வெளுத்தன. வெளுத்தது கிழக்குப் பக்கம். வெயிலில் காய்ந்து பழகிய மேற்குப் பக்கம் பழுப்பாகவே இருந்தது. பிரித்தானிய ஆய்வாளர் பார்பரா பிரவுனும் அவர் குழுவும் இதைப் பார்த்து எழுதினார்கள்.

பிறகு அவர்கள் செய்ததுதான் அக்காவின் கேள்விக்குப் பதில். 2000ஆம் ஆண்டில் சில உருண்டைகளைப் பெயர்த்து, 180 பாகை திருப்பி, அங்கேயே பதித்துவிட்டார்கள். பழைய மேற்குப் பக்கம் இப்போது கிழக்கே. பத்து வருசம் அது வெயில் குறைந்த பக்கமாகவே வாழ்ந்தது. 2010இல் மறுபடி கடல் சூடேறியது. எல்லோரும் எதிர்பார்ப்பது அது வெளுக்கும் என்றுதானே? திருப்பாத பவளங்களின் கிழக்குப் பக்கத்தோடு ஒப்பிட்டால், நான்கு மடங்கு பாசியை அது இன்னும் வைத்திருந்தது. பத்து வருசத்துக்கு முன் எந்தத் திசையில் நின்றோம் என்பதை அந்த மூளையில்லாத தோல் மறக்கவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மறக்காதுதான்," என்றார்.

அப்படியென்றால் திருப்பி வைப்பது சின்ன வேலையில்லை. இரண்டு வருசம் நிழலில் இருந்த பக்கத்தை ஒரே நாளில் விளக்குக்கு நேரே நிறுத்துகிறோம். அந்தப் பக்கத்துப் பாசிகள் மங்கலுக்குப் பழகினவை. திடீரென்று வரும் வெளிச்சத்தைத் தாங்காமல் அந்தப் பக்கம் வெளுக்கலாம். வெளிச்சத்துக்குப் பழகிய பக்கம் இருட்டில் பட்டினி கிடக்கும். டின்னைத் திருப்புவது போல இரண்டு நாளைக்கு ஒரு தரம் திருப்பினால் எந்தப் பக்கமும் எதற்கும் பழகாது. ரோசாத் தண்டு திரும்பி நிமிர்ந்துவிடும். பவளத்தில் கட்டின கல் கட்டினதுதான், எத்தனை தரம் திருப்பினாலும் பழைய கோணல் உள்ளே அப்படியே இருக்கும்.

படிப்படியாகப் பழக்குவது தேயிலைத் தவறணையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். தண்டு வெட்டிப் பையில் ஊன்றின கன்று முதலில் பந்தலுக்குக் கீழே இருக்கும். பிறகு பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வாரக்கணக்கில் வெயிலுக்குப் பழக்கி, அதற்குப் பிறகுதான் மலைக்குப் போகும். ஒரே நாளில் பந்தலைப் பிரித்தவனைத் துரை விட்டுவைத்திருக்க மாட்டார். விளக்கை மாற்றுவதையும் அப்படியே செய் என்று மருமகனுக்கு எழுதினேன். முதல் வாரம் வெளிச்சத்தைப் பாதியாகக் குறை, மூலையிலிருந்து பவளத்தை நோக்கி ஒரு சாண் நகர்த்து. அடுத்த வாரம் இன்னொரு சாண். பழைய அளவுக்கு வர ஒரு மாதம் எடுத்துக்கொள். நிறம் வெளிறினால் நிறுத்திப் பொறு.

1998இல் இந்தப் பாடம் நம் கடலிலேயே பெரிய அளவில் நடந்தது. எல் நினோ வருசம். ஹிக்கடுவையிலும் பார் ரீஃப்பிலும் ஆழங்குறைந்த இடத்துப் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்து இறந்தது. சூடும் வெயிலும் சேர்ந்து வரும்போது பல இடங்களில் முதலில் வெளுப்பது வானத்தைப் பார்த்த மேற்பரப்பு, பக்கங்களும் நிழலும் கொஞ்சம் பிந்தும். அந்த மேசைகளெல்லாம் ஒரு பருவத்தில் போயின. பிறகு மெல்லத் துளிர்த்தன, 2016இல் மறுபடி அடிபட்டன. அவற்றிலிருந்து ஒரு துண்டைக்கூட யாரும் வீட்டுத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. கல் பவளங்கள் நம் நாட்டில் சட்டத்தால் காக்கப்பட்டவை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சுண்ணாம்பு சுடுவதற்காகத் தென்மேற்குக் கரையில் எத்தனை வருசம் முருகைக்கல் வெட்டினோம் என்பதை நினைத்தால், இப்போதாவது விட்டுவைப்பது பெரிய காரியம்.

மூன்றாவது தேத்தண்ணி வந்தபோது பனி கொஞ்சம் விலகி, கரத்தை ரோட்டில் ஒரு முச்சக்கரவண்டியின் விளக்கு தெரிந்தது. அக்கா போனை மறுபடி வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். விளக்குப் பக்கம் நீண்டு போயிருந்த ஒரு கிளையைக் காட்டினார்.

"விளக்க நேர் மேல வச்சா இனிமே வாறது நேரா வரும். இது?"

"இது இப்படியேதான் அக்கா. நுனியிலருந்து மேல் நோக்கித் திரும்பும், முழங்கை மாதிரி ஒரு மடிப்பு நிக்கும்."

"கவ்வாத்து வெட்டினா?"

நான் அதை யோசிக்கவில்லை. அவர் சொன்னது சரி. தொட்டிப் பவளம் வளர்ப்பவர்கள் செய்வதே அதுதான். ஒரு பக்கம் பாரமான கிளையை எலும்பு வெட்டும் குறடால் நறுக்கி எடுப்பார்கள். தாய்ப் பவளத்தின் வெட்டுவாய் சில வாரத்தில் தோல் மூடிக்கொள்ளும், நிழலில் கிடந்த கிளைக்கு வெளிச்சம் திறக்கும். நறுக்கின துண்டும் வீணில்லை. ஒரு கல்வில்லையில் பசை வைத்து நேராக நிறுத்தி ஒட்டினால் அது தனியே பிடித்துக்கொண்டு புதுப் பவளமாகும், தாயின் அச்சுப் பிசகாமல். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த 2025ஆம் இலக்கத் தேயிலை, தண்டு தண்டாக வெட்டி ஊன்றியே இத்தனை மலைகளுக்கும் பரவவில்லையா? அவன் வாங்கி வந்ததும் அப்படி ஒடித்த துண்டுதானே.

"எழுது," என்றார் அக்கா. "ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்ட வேணாம். வெட்டினத முதல்ல கீழ, வெளிச்சம் கம்மியா உள்ள இடத்துல வைக்கச் சொல்லு. நேரா நிக்குதான்னு நாலு பக்கமும் பாத்து ஒட்டச் சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதி அனுப்பினேன்.